பாலைநில உலகம் ஒன்றை அமைத்தல்: என் மணலில் பிழை எங்கே?

குன்னூர்_நடத்துநர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் நாங்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி, மேசையில் வைத்து ஆடும் ஆர்பிஜி, அதாவது ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் விளையாட்டு, ஆடி வருகிறோம். ஐவர் பாத்திரம் ஏற்பார்கள். கதையை நடத்துவது என் பொறுப்பு. காடு, மலை, கோட்டை என்று மூன்று ஆண்டுகள் ஆடிச் சலித்துவிட்டதால், இந்த ஆனி மாதம் முழுவதும் உட்கார்ந்து ஒரு பாலைவன உலகத்தைத் தயாரித்தேன். துவைத்த துணி ஐந்து நாளானாலும் காயாத ஊரில் இருந்துகொண்டு பாலைவனம் வரைவது வேடிக்கைதான் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

என் வரைபடத்தில் நடுவே பரந்த மணல்வெளி இருக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொரு பாலைவனச்சோலை நகரம். இடையில் பன்னிரண்டு நாள் ஒட்டகப் பயணம். மணலுக்கடியில் யானையையே விழுங்கக்கூடிய ஒரு விலங்கு, ஒரு கள்வர் கூட்டம், புதையுண்ட கோபுரம் ஒன்று. முதல் ஆட்டம் தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். மருத்துவச்சிப் பாத்திரம் ஏற்றிருக்கும் தோழி வடக்கு நகரத்தின் வாயிலில் நின்றுகொண்டு, "இங்கே இருபதாயிரம் பேர் வாழ்கிறார்கள் என்றீர்களே, இவர்களுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. எதையோ தீர்மானிப்பவன்போல் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்த்தேன், பதினேழு விழுந்தது, பதினேழை வைத்துக்கொண்டு சோறு எப்படிப் போடுவது? அன்று ஆட்டம் அத்தோடு படுத்துவிட்டது.

மந்திரமும் அரக்கர்களும் உள்ள உலகத்தை நம்புகிறவர்கள் இந்த ஒரு கேள்வியில் நம்பிக்கை இழந்தது ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கிருந்து திருத்தத் தொடங்கலாம் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


மசினகுடி_முள் எழுதியது:

சோற்றிலிருந்து தொடங்காதீர்கள், காற்றிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வரைபடத்தில் கடல் எங்கே இருக்கிறது, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, அதன் குறுக்கே மலை நிற்கிறதா என்பதை நீங்கள் குறிப்பிடவே இல்லை. அந்த மூன்றும் தெரிந்தால் மணல் எங்கே இருக்கும், ஊர் எங்கே இருக்கும் என்பது பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள சகாராவுக்குப் போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் நீலகிரியின் மேற்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அங்கிருந்து பறவை பறக்கும் கணக்கில் முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் எங்கள் மசினகுடி முள்காட்டு ஊர். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த நீரை அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறது. பீடபூமியைத் தாண்டிச் சீகூர்ப் பக்கம் இறங்கும்போது அது வெறும் காற்று. ஈரமற்ற காற்று ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ பத்து டிகிரி வெப்பம் கூடும். எனவே எங்களுக்கு மழை கிடைக்காதது மட்டுமல்ல, இருக்கும் ஈரத்தையும் அந்தக் காற்று உறிஞ்சிக்கொண்டு போகிறது. உதகையில் மேகம் தொட்டபெட்டாவை மூடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் நாங்கள் உன்னிச்செடியின் புழுதியைத் தட்டிக்கொண்டிருப்போம்.

உங்கள் மலையை இன்னும் உயரமாக, இன்னும் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்புறம் முழுப் பாலைவனமே கிடைத்துவிடும். அதோடு இன்னொன்றும் கிடைக்கும். மேலே மழை பெய்தால், கீழே ஒரு சொட்டும் விழாத ஊரில் வெள்ளம் வரும். தெப்பக்காட்டுத் தரைப்பாலம் மூழ்கிப் பேருந்து நின்றுபோன நாள்களில் எங்கள் தலைக்கு மேல் நீலவானத்தைப் பார்த்திருக்கிறேன்.


கூடலூர்_சலாலா எழுதியது:

பதினொரு ஆண்டுகள் ஓமானில் குழாய்ப் பணியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். மசினகுடி நண்பர் சொன்னதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நமக்கு மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றின் ஓரம், ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, அரேபியாவின் தெற்கு ஓரத்தில் தோஃபார் மலையைத் தொடுகிறது. சலாலா நகருக்குப் பின்னால் இருக்கும் அந்த மலை அப்போது மூடுபனியில் பச்சைப் பசேலென்று ஆகிவிடும். முதன்முறை பார்த்தபோது நம் மலையூரான நடுவட்டத்தில் நிற்பதாகவே தோன்றியது. மலை உச்சியைக் கடந்து மறுபுறம் வண்டியில் இறங்கினால், பச்சை சட்டென்று முடிந்து கல்லும் சரளையும் தொடங்கும். குந்திரிக்கம் என்ற நறுமணப் பிசினைக் கொடுக்கும் மரங்களுள் சிறந்தவை வளர்வது அந்த வறண்ட பக்கத்தில்தான். உலகமே விலைகொடுத்து வாங்கிய ஒரு பொருள், பனி வந்து நின்றுவிடும் கோட்டுக்கு அப்பால் விளைந்தது. உங்கள் நகரத்துக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

மீதி விடையை மொராக்கோ நாட்டுப் பயணி இப்ன் பதூதா சொல்கிறார். அவர் 1352இல் சகாராவைக் கடந்தபோது தகாஸா என்ற உப்புச் சுரங்க ஊரில் தங்கினார். வீடுகள் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்தன. அங்கே மரம் இல்லை, பயிர் இல்லை. வடக்கேயிருந்து பேரீச்சம்பழமும் தெற்கேயிருந்து தானியமும் வந்தன. உப்பு வெளியே போனது. ஓர் ஊர் தான் உண்பதில் ஒரு பிடிகூட விளைவிக்காமல் இருக்கலாம், ஆனால் விற்பதற்கு ஏதாவது இருந்தாக வேண்டும். உங்கள் இருபதாயிரத்தை இரண்டாயிரமாகக் குறைத்து, அவர்கள் எதை விற்கிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மணலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சகாராவின் பரப்பு ஏறத்தாழ 90 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் மணல்மேடுகள் மூடியிருப்பது கால் பங்கு அளவே. மற்றதெல்லாம் பாறைத்தளம், சரளைவெளி, வறண்ட மலை. திபெஸ்தி மலையில் நம் தொட்டபெட்டாவைவிட உயரமான சிகரம் இருக்கிறது. சரளைவெளியில் மழையும் இல்லை, கலைக்க ஆளும் இல்லை என்பதால் தடங்கள் அழிவதில்லை. இரண்டாம் உலகப்போரில் லிபியாவில் ஓடிய வண்டிகளின் தடங்கள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் தெரிந்தன. துப்புத் துலக்கும் கதைக்கு இதைவிட நல்ல தரை கிடைக்குமா?


இருபதுமுகம் எழுதியது:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஓர் ஆட்டக்காரனாக என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். நாங்கள் வாரம் முழுவதும் அலுவலகத்தில் கணக்குப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வாள் வீச வருகிறோம். அங்கேயும் நடத்துநர் ஏட்டைத் திறந்து, ஆளுக்கு எத்தனை லிட்டர், ஒட்டகத்துக்கு எத்தனை லிட்டர் என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தால் அந்த உலகம் எவ்வளவு உண்மையானதாக இருந்து என்ன பயன்? நம்பும்படியான உலகம் வேறு, ஆடும்படியான உலகம் வேறு. எங்கள் குழுவில் ஒருமுறை இப்படித்தான் ஒரு கடற்பயணம் கணக்கிலேயே மூழ்கியது.


கோத்தகிரி_தமிழாசிரியை எழுதியது:

தம்பி இருபதுமுகம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு, பிறகு சொல்கிறேன். முதலில் பெயரைப் பற்றி.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஐந்திணை நடத்தியவள் என்ற உரிமையில் கேட்கிறேன்: பாலை என்றவுடன் எல்லோரும் ஏன் மணலைத் தேடி ஓடுகிறீர்கள்? சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், "முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப் பாலை என்பதோர் படிவம் கொள்ளும்" என்று இருக்கிறது. அதாவது பாலை என்பது தனி நிலம் அன்று. காடும் மலையும் வேனிலில் தம் இயல்பு இழந்து எடுக்கும் ஒரு கோலம். மழை வந்தால் அந்தக் கோலம் கலையும். பாலைவனம் என்ற சொல்லை இன்று நிரந்தர மணல்வெளிக்கு நாம் பயன்படுத்துகிறோம், அதில் குற்றமில்லை. ஆனால் விளையாட்டு உலகம் அமைப்பவருக்குப் பழைய பொருளே பெரும் செல்வம் என்பேன். உங்கள் வரைபடத்தை இரண்டாக வரையுங்கள்: மழைக்குப் பின் ஒன்று, வேனிலில் ஒன்று. ஒன்றில் மேய்ச்சல் நிலமாக இருப்பது மற்றொன்றில் வழிப்பறி நடக்கும் சுரமாக, அதாவது வறண்ட வழியாக, ஆகிவிடும். மனிதர் அவர்களேதான், மாறியது நீர். உங்கள் கள்வர் கூட்டம் பிறவியிலேயே கள்வர்களாக இருக்க வேண்டிய கட்டாயம் இப்படிச் செய்தால் நீங்கிவிடும்.

சங்கப் பாடல்களின் பாலை வெறுமையாகவும் இல்லை. உப்பு வண்டியோடு கூட்டமாகப் போகும் உமணர் இருக்கிறார்கள். வழியில் மாண்டவர்மேல் தழையும் கல்லும் குவித்த பதுக்கைகள் இருக்கின்றன. தன் பிடியின் பசி தீர்க்க யா மரத்தின் பட்டையை உரிக்கும் களிறு குறுந்தொகையில் இருக்கிறது. வழிப்போக்கர் ஒரு பதுக்கையைக் கடக்கும்போது ஒவ்வொருவரும் அதன்மேல் ஒரு கல் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று உங்கள் உலகத்தில் ஒரு வழக்கம் வைத்துப் பாருங்கள். வைக்க மறுக்கும் ஆட்டக்காரர் யார் என்பதை அறிய எனக்கு ஆவல்.

இன்னொன்று. சோலை என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் லாங்வுட் சோலைக்காட்டின் ஈரமும் அட்டைப்பூச்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. நீலகிரியில் ஆடும் ஆட்டத்துக்காவது வேறு சொல் கண்டுபிடியுங்கள். சுனையூர் என்று வையுங்களேன்.


தேரிக்காட்டான் எழுதியது:

அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வேலைக்காக உதகையில் இருக்கிறேன். பிறந்தது திருச்செந்தூருக்கு மேற்கே, குதிரைமொழித் தேரி என்ற செம்மணல்மேட்டு நிலத்தின் ஓரத்தில். தேரி பாலைவனம் அல்ல; ஆனால் மணல்மேடு எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தமிழ்நாட்டில் கற்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மணல்துகளின்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் நிலமே செக்கச் செவேலென்று இருக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் பறப்பது மணல். நேற்றுப் பார்த்த மேட்டின் முகடு இன்று சற்றுத் தள்ளி நிற்கும். பாதி உயரம் புதைந்த பனைமரத்தின் தலையைக் கையால் தொட்டிருக்கிறேன்.

மழை பெய்தால் தேரியில் ஓடை ஓடாது. மணல் முழுவதையும் குடித்துவிட்டு, மெல்ல மெல்லக் கீழே அனுப்பி, மேடு முடியும் ஓரத்தில் சுனையாக வெளியே விடும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் அப்படி ஒரு சுனையின் கரையில்தான் இருக்கிறது. அந்தப் பெயரைக் கவனியுங்கள்: சுனையைக் காப்பதற்கென்றே ஒரு தெய்வம். நடத்துநர் ஐயா தம் நகரத்துக்கு எந்தக் கடவுளை வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. சூரியக் கடவுள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெயிலில் வாடுகிறவன் வெயிலையா கும்பிடுவான்?

மணல்மேட்டின் வடிவத்தையும் சும்மா விடாதீர்கள். பிறை வடிவ மேடுகளில் காற்று வரும் பக்கம் சாய்வாகவும், காற்று போகும் பக்கம் செங்குத்தாகவும் இருக்கும். பிறையின் இரு கொம்புகளும் காற்று போகும் திசையைக் காட்டும். செங்குத்துப் பக்கத்தின் சாய்வு ஏறத்தாழ 33 டிகிரிக்கு மேல் போகாது. போனால் மணல் சரிந்துவிடும். திசைகாட்டியை இழந்த பயணிகள் மேட்டைப் பார்த்தே திசை அறியலாம். அதைத் தெரிந்த பாத்திரத்துக்குப் பகடை உருட்டாமலேயே வழி கொடுங்கள்.


குன்னூர்_நடத்துநர் எழுதியது:

சூரியக் கடவுளைத்தான் வைத்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இப்போது நீக்கிவிட்டேன்.

இதுவரை செய்த திருத்தம் இது. மேற்கே கடல், அதை ஒட்டி உயர்ந்த மலைத்தொடர், அதன் கிழக்கே வறண்ட நிலம். மலையடிவாரத்தில் சுனையூர், அது குந்திரிக்கம் போன்ற ஒரு பிசினை விற்கிறது. கிழக்கே ஏழு நாள் தொலைவில் உப்பூர். மணல் நடுவில் ஒரு பகுதி மட்டும், மற்றது சரளை. இரண்டு வரைபடமும் வரைந்துவிட்டேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. பாலைவனத்தில் இரவு கடுங்குளிர் என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை? மலையின் நீரை ஊர் வரை எப்படிக் கொண்டுவருவது? வாய்க்கால் வெட்டினால் வெயிலிலேயே வற்றிவிடாதா?


கேத்தி_கிழங்கு எழுதியது:

குளிரைப் பற்றி நான் சொல்கிறேன். ஒவ்வொரு தையிலும் அதோடு மல்லுக்கட்டுகிறவன். கேத்திப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறோம். மேகம் மூடிய இரவில் எங்களுக்குப் பயமில்லை. வானம் துடைத்து வைத்ததுபோல் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால்தான் வயிற்றில் புளி கரைக்கும். பகலில் நிலம் வாங்கிய சூட்டைத் தடுத்து நிறுத்த மேலே போர்வை இல்லாததால் அத்தனையும் வானத்துக்குப் போய்விடும். முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. கனமான குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதால், மேட்டுத் தோட்டம் தப்பிக்கும்போது பள்ளத்துத் தோட்டம் கருகும். உதகைத் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளுக்கு மிலார்ச் செடிகளைப் போர்த்துவது இதற்காகத்தான்.

பாலைவனத்தில் ஏறக்குறைய எல்லா இரவும் அப்படிப்பட்ட தெளிந்த இரவு. காற்றில் ஈரமும் இல்லை, மணலும் சூட்டை ஆழத்தில் சேர்த்துவைக்காது. ராஜஸ்தானின் சூரு நகரம் கோடையில் 50 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. அதே ஊர் குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழேயும் இறங்குகிறது. ஆகவே உங்கள் பயணிகள் பள்ளத்தில் கூடாரம் அடித்தால் நடுங்கட்டும், சற்று மேட்டில் அடித்தால் பிழைக்கட்டும். ஆனால் எல்லாப் பாலைவனமும் எல்லா இரவும் உறையும் என்று எழுதிவிடாதீர்கள். கோடை இரவு வெறும் வெக்கையாகவும் இருக்கும்.


கூடலூர்_சலாலா எழுதியது:

தண்ணீரைக் கொண்டுவரும் வழி: நிலத்துக்கு அடியில்.

ஓமானில் அதை ஃபலஜ் என்பார்கள், ஈரானில் கனாத். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் கிடைக்கும் ஆழம் வரை ஒரு தாய்க்கிணறு தோண்டுகிறார்கள். அங்கிருந்து மிக மெல்லிய சரிவில், ஊரை நோக்கி ஒரு சுரங்கக் கால்வாய். இருபது முப்பது மீட்டருக்கு ஒரு செங்குத்துக் குழி. மண்ணை அள்ளவும் காற்று வரவும் அதுதான் வழி. விசையில்லை, இறைப்பில்லை, சரிவு மட்டும் நீரை இழுத்துவருகிறது, வெயிலும் அதைத் தொடுவதில்லை. ஈரானின் கொனாபாத் கனாத்தின் தாய்க்கிணறு 300 மீட்டருக்கும் மேல் ஆழமானது. ஓமானின் ஃபலஜ்களுள் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. மேலிருந்து பார்த்தால் எறும்புப் புற்றுகள் வரிசை கட்டியதுபோல் அந்தக் குழிவாய்கள் தெரியும்.

கால்வாய் வெளியே வரும் இடத்தில் தொடங்கும் ஒழுங்குதான் எனக்கு இன்னும் வியப்பு. முதல் இடத்தில் குடிநீர் மட்டும் எடுப்பார்கள். அதற்குக் கீழே பள்ளிவாசல், குளியல். அதற்கும் கீழேதான் பேரீச்சந்தோட்டம். பேரீச்சையின் நிழலில் எலுமிச்சை போன்ற மரங்கள், அவற்றின் நிழலில் கீரையும் தீவனமும் என்று ஒரே நிலத்தில் மூன்று அடுக்கு. தோட்டக்காரர்களுக்கு நீரை நேரத்தால் பங்கிடுவார்கள். பகலில் நிழற்கோலின் நிழலைப் பார்த்து, இரவில் விண்மீன் எழுவதைப் பார்த்து. அதர் என்பது அரைமணி நேர அளவுள்ள ஒரு பங்கு. அதை விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். நண்பரே, உங்கள் நகரத்தில் அரசன், அமைச்சன், படைத்தலைவன் என்று யாரை வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் இரவில் விண்மீனைப் பார்த்து மடை திருப்புகிறவன் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு முழு ஆட்டம் அதிலேயே ஓடும்.


கோத்தகிரி_தமிழாசிரியை எழுதியது:

நம் ஊர் ஏரிகளில் நீரைப் பங்கிட்ட நீர்க்கட்டியும் அதே வேலை செய்தவர்தானே, கூடலூர் ஐயா. ஏரிப் பாசனத்தில் முறைவைத்து மடை திறந்தவர்கள் நம் கீழ்நாட்டில் எத்தனை தலைமுறை இருந்தார்கள்! நேரம் அளக்க விண்மீன் மட்டும் போதாது, மேகம் மூடிய இரவுக்கு ஒரு கருவி வேண்டும் என்றால், முல்லைப்பாட்டில் வரும் குறுநீர்க் கன்னலை எடுத்துக்கொள்ளலாம். நாழிகை காட்டும் நீர்க்கடிகாரம் அது. ஈரானிலும் கனாத் நீரைப் பங்கிட, அடியில் துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தை அளவாகக் கொண்டார்கள். துளையை மெழுகால் பாதி அடைத்தால் நேரம் நீளும் என்பதைக் கள்வர் பாத்திரத்துக்கு நான் சொல்லித்தர மாட்டேன்.

இப்போது தம்பி இருபதுமுகத்துக்கு நான் சொன்ன வழி. ஏடு வேண்டாம், பல்லாங்குழிப் பலகையை எடுத்து மேசையில் வையுங்கள். ஒரு பக்கத்துக்கு ஏழு குழி. உப்பூர் ஏழு நாள். ஒரு குழி ஒரு நாள். ஒரு புளியங்கொட்டை ஒரு மனிதனின் ஒரு நாள் தண்ணீர். வெயிலில் நடப்பவனுக்கு எட்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேருக்கு முப்பத்தைந்து கொட்டை. ஓர் ஒட்டகம் 160 கிலோ சுமந்தால் இருபது கொட்டை. ஆகவே ஒட்டகம் இரண்டு. நடத்துநர் கணக்குச் சொல்லவே வேண்டாம். நாள் முடிந்தால் ஆளுக்கொரு கொட்டையை எடுத்துக் குழியில் போடுவார்கள். நண்பகலில் நடந்தால் இரண்டு. தோல்பை கிழிந்தால் நடத்துநர் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக்கொள்வார். மீதி எவ்வளவு என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். யாரும் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை.


இருபதுமுகம் எழுதியது:

இதை நான் எதிர்பார்க்கவில்லை, அம்மா. ஒரே ஒரு கேள்வி: ஒட்டகத்துக்குக் கொட்டை கிடையாதா?


கூடலூர்_சலாலா எழுதியது:

குளிர்காலத்தில் ஏழு நாளுக்குத் தேவையில்லை. கோடையென்றால் இடையில் ஒரு கிணறு வேண்டும். ஒட்டகம் தன் உடல் எடையில் கால் பங்கு அளவு நீரை இழந்தும் நடக்கும். கிணறு வந்ததும் பத்து நிமிடத்தில் நூறு லிட்டர் வரை குடிக்கும். திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. சிறிய கிணற்றில் ஒட்டகங்களுக்கு முன்னே நீங்கள் தோல்பையை நிரப்பாவிட்டால் உங்கள் பாடு திண்டாட்டம்தான்.


மசினகுடி_முள் எழுதியது:

யானை விழுங்கும் விலங்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. முதுமலையில் ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஐம்பது மான் அளவு இரை வேண்டும். ஐம்பதை எடுத்தும் கூட்டம் குறையாமல் இருக்க ஐந்நூறு உயிர் மேய வேண்டும். இத்தனை புல்லும் நீரும் உள்ள காட்டிலேயே நிலை இதுவானால், உங்கள் மணலில் அந்த விலங்கு எதைத் தின்று அவ்வளவு பெரிதானது? இருந்தே தீர வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று இருக்கட்டும், பெரும்பாலும் தூங்கட்டும். அமெரிக்கப் பாலைவனங்களில் மண்வெட்டிபோன்ற காலுடைய ஒரு தேரை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, மழையின் அதிர்வு கேட்டதும் மேலே வருகிறது. உங்கள் விலங்கும் மழைக்கு மட்டும் விழிக்கட்டும். மழை வராதா என்று ஏங்குகிற ஊரார் மழை வந்ததும் நடுங்குவார்கள்.


குன்னூர்_நடத்துநர் எழுதியது:

நேற்று ஆடினோம். மேசையில் பல்லாங்குழி, வெளியே தூறல், அடுப்பில் சுக்குக்காப்பி. ஒன்றரை மணி நேரம் ஒருவரும் வாளை உருவவில்லை. ஆனால் ஒருவரும் எழுந்தும் போகவில்லை. கணக்கை வெறுக்கும் எங்கள் குழுவின் போர்வீரர், மற்றவர் கொட்டையை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

இப்ன் பதூதாவை மேலும் படித்தபோது கிடைத்த ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பாதையில் வணிகர் கூட்டம் தக்ஷிஃப் என்ற தூதனை முன்கூட்டியே தனியாக அனுப்புமாம். அவன் அடுத்த ஊரை அடைந்து கடிதம் கொடுத்தால், ஊரார் நான்கு நாள் தொலைவுக்குத் தண்ணீரோடு எதிர்வந்து கூட்டத்தைச் சந்திப்பார்கள். தூதன் வழியில் மாண்டுபோனால் பின்னால் வருகிறவர்களில் பலரோ, எல்லோருமோ மாண்டுபோவார்கள். என் ஆட்டக்காரர்கள் செலவைக் குறைக்க ஓர் ஒட்டகம் மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு தூதனை அமர்த்தி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் எதிர்வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான்காம் நாள் இரவு பலகையில் கொட்டை இல்லை. அங்கே நிறுத்தினேன்.

தூதன் ஏன் வரவில்லை என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. கள்வர் பிடித்தார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை; அது எல்லோரும் எதிர்பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது ஒரு காரணம் சொல்லுங்கள்.


கூடலூர்_சலாலா எழுதியது:

வெள்ளம். 2010 ஆகஸ்டில் லடாக்கின் லே நகரத்துக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுவதற்கும் 100 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் ஊர், ஓர் இரவில் சேற்றால் மூடப்பட்டது. ஆட்டக்காரர்களுக்கும் உப்பூருக்கும் நடுவே ஒரு வறண்ட காட்டாற்றுப் படுகை இருக்கிறது அல்லவா? அது தொடங்குவது மலையில். மலையில் மழை பெய்துவிட்டது. அவர்கள் இருக்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கிறது. தூதன் ஊராரையும் தண்ணீர்ப்பைகளையும் கூட்டிக்கொண்டு குறித்த நாளிலேயே வந்துவிட்டான். மறுகரையில் நிற்கிறான்.


குன்னூர்_நடத்துநர் எழுதியது:

அப்படியானால் கொட்டை தீர்ந்தவர்கள் காலையில் எழுந்து பார்க்கும்போது, எதிரே கரைபுரண்டு ஓடுவது செம்மண் வெள்ளம். குடிக்கலாமா, தெளியவைக்க வேண்டுமா, கடக்கலாமா? மசினகுடி நண்பர் சொன்னபடி மழைக்கு விழிக்கும் அந்த விலங்கும் இப்போது விழித்திருக்கும். மிக்க நன்றி, ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்துவிட்டது.


மருத்துவச்சி_ஏழாம்நிலை எழுதியது:

நடத்துநர் அவர்களே, சோறு எங்கே என்று கேட்டவள் நான்தான். இந்த இழையை இன்று காலை தற்செயலாகக் கண்டேன். கடைசி இரண்டு பதிவுகளைப் படிக்கவில்லை என்று சத்தியம் செய்ய இயலாது. ஞாயிற்றுக்கிழமை மேட்டில்தான் கூடாரம் அடிப்பேன்.